பட்டாவுக்கு ஓடிய ஜீப்

மலையில் ஷேர் ஜீப் ஓட்டுகிறவனுக்கு ஊரில் யார் என்ன வேலையாகப் போகிறார்கள் என்பது தெரியும். வேலை முடியாமல் திரும்புகிற முகமும் தெரியும். ஏற்காட்டுக்கும் மஞ்சக்குட்டைக்கும் நடுவில் ஓட்டியே என் தலை நரைத்துவிட்டது. படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆபீஸ் ஜன்னல் முன்னால் நின்று கால் கடுத்தவர்கள் இதைப் படித்தால் போதும். மற்றவர்களுக்கு என் எரிச்சல் புரியாது.

எந்த இடத்தில் ஆபீசர்?

வெள்ளையம்மா மலைக்காரப் பெண். மஞ்சக்குட்டைக்கு மேலே சின்ன ஊர். புருஷன் இல்லை. ரிசர்வ் காட்டை ஒட்டி அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக உழுத நிலம்: சாமை, கொஞ்சம் காப்பி, இரண்டு பலா. பட்டா மட்டும் கிடையாது. இப்படிப்பட்ட நிலத்துக்கு மலை ஜனங்களுக்கு உரிமைப் பட்டா கொடுக்கச் சட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு கிராம சபையில் மனுக் கொடுத்தாள். மனு ஆபீசுக்குப் போனது, அங்கேயே படுத்துக்கொண்டது. இதற்குள் காட்டைக் காவல் பார்க்கிற ஃபாரஸ்ட் கார்டு வந்து, பட்டா இல்லாவிட்டால் அடுத்த விதைப்புக்கு நிலத்தில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் மனுவைப் பார்க்கிற கிளார்க்கும் என் ஜீப்பில்தான் வருவார். ஒரு காலையில் வெள்ளையம்மா பின்னால் இருந்து அவரிடம் கேட்டாள். "ஜீப்புல ஆபீஸ் விஷயம் பேசக் கூடாது, ஆபீசுக்கு வா" என்றார். ஆபீசுக்குப் போனாள். "மீட்டிங் இருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்றார். சாயங்காலம் மறுபடி ஜீப்பில் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டார். வண்டி முழுக்கக் கேட்கும்படி வெள்ளையம்மா என்னிடம் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, இவரு எந்த எடத்துல இருக்கறப்போ ஆபீசருங்க?"

டிரைவர் வெளியே

அடுத்த தடவை ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். அவள் சொன்னதையே நான் சொன்னால் ஆம்பிளைக் குரலுக்காவது பதில் வரும் என்று நினைத்தேன். கிளார்க் என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அன்று காலையில்கூட என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் மகளுக்கு மாப்பிள்ளை அமையாத கதையைச் சொல்லிக்கொண்டு வந்த ஆள்!

எனக்கு ஒரு குணம் உண்டு. மறதி கிடையாது. கல்யாணப் பந்தியில் எனக்கு இலை போடாமல் தாண்டிப் போனவனின் பெயரை இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அந்த மாதிரி நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது அன்றைக்கு அவர் எல்லோர் முன்னாலும் சொன்னது: "வண்டி வெளிய நின்னா டிரைவரும் வெளியதான் நிக்கணும்."

பெருக்கி வைத்த நிலம்

ஒரு வழியாக நிலத்தைப் பார்க்க ஆபீசர்கள் வருவதாகத் தகவல் வந்தது. அந்த ஊரில் சாமி ஊர்வலம் வருகிறதென்றால் வழி முழுக்கச் செதுக்கி, கல்லைப் பொறுக்கி, சாணி தெளித்து வைப்பார்கள். ஆபீசர்களுக்கும் அதே மரியாதை செய்தார்கள். புதரை வெட்டி எரித்தார்கள். மக்கிப்போன பழைய வேலியைப் பிடுங்கினார்கள். வெள்ளையம்மாவின் மாமனார் குடியிருந்த வீட்டுக்கு அஸ்திவாரமாக இருந்த கடக்கால் கற்களைக்கூட, பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று, பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். நான் ஆபீசர்களை இறக்கிவிட்டபோது நிலம் புது மணப்பெண் மாதிரி நின்றது.

வந்தவர்களில் பெரிய ஆபீசர் சுற்றிப் பார்த்தார். எரித்த சாம்பல், புதிதாகக் கொத்திய மண். பல காலமாக உழுகிற நிலத்துக்குத்தான் பட்டா; பழசு என்று காட்டவோ ஒன்றும் இல்லை. "இது இப்பத் திருத்தின நிலம் மாதிரியில்ல இருக்கு" என்று சொல்லி, அப்படியே எழுதிக்கொண்டு ஏறிவிட்டார். மனு தள்ளுபடி ஆயிற்று. சேதி கொண்டுபோன என்னிடம் வெள்ளையம்மா அழவில்லை, கோபப்பட்டாள்: "ஊட்டுக்கு நாலு பேரு வராங்கன்னா குப்பையோடவா வெச்சிருப்பாங்க? நாங்க என்னங்க தப்புப் பண்ணுனோம்?"

ஸ்டாண்டில் கேட்ட கேள்வி

நாங்கள் விடுவதாக இல்லை. திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீசில் மனு நாள். ஊர் ஜனங்களை ஜீப்பில் அடைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கினேன். அடிவாரத்தில் பிரேக் வாசனை அடித்தது. வண்டியை ஆறவிட்டுப் போனோம். மறுபடி நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று பெரிய ஆபீசில் மனுக் கொடுத்தோம். பதில் வரும்வரை திங்கட்கிழமை தவறாமல் இறங்கினோம்.

நான் எஸ்டேட்டில் கூலிக்காரர்களுக்குக் கொடுக்கிற லைன் வீட்டில் பிறந்தவன். அப்பா ஆயுசுக்கும் ஒரே எஸ்டேட்டில் காப்பிச் செடி கவாத்து செய்தார். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வந்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். மழையில் ரோட்டோரம் பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்த அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். யாரையாவது இடத்தை விட்டு இறங்கச் சொன்னால் எனக்கு உடம்பு எரியும். இது ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்குத் தெரியாது. பக்கத்து வண்டி ராஜு பீடியைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டான்: "சூசையண்ணா, உனக்கு அந்த நெலத்துல பங்கா, இல்ல அந்தக் கிளார்க்கு மேல கடுப்பா?"

பாறை

இரண்டாம் தடவை நிலத்தைப் பார்க்க வந்த ஆபீசர் ஒரு அம்மா. ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டார். பள்ளத்தில் கிடந்த கடக்கால் கற்களை எட்டிப் பார்த்தார். "கல்லு எங்க வேணா கிடக்குமே" என்றார். தண்ணீர் குடிக்க நிலத்தின் நடுவில் இருந்த பாறையில் உட்காரப் போனார்.

"பாத்துங்க மேடம். போன தடவ வந்தவங்களுக்குக் காலு மாட்டிக்குமின்னு அங்கிருந்த குழியெல்லாம் மண்ணுப் போட்டு மூடிட்டோமுங்க" என்றாள் வெள்ளையம்மா.

"என்ன குழி?"

"சாமை குத்துற குழிங்க. எங்க மாமியாளுக்கு மாமியா காலத்துல இருந்து அதுலதானுங்க குத்துறோம்."

நான் மண்டி போட்டுக் கையாலேயே தோண்டினேன். பெண்களும் உட்கார்ந்தார்கள். வரிசையாகக் குழிகள். உலக்கை இடித்து இடித்து உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அந்த அம்மா வாட்சைக் கழற்றிவிட்டுக் கையை முழங்கைவரை உள்ளே விட்டுத் தடவினார். ஒவ்வொரு குழியாகத் தடவிப் பார்த்தார். பிறகு கூட வந்த சர்வேயரிடம் சொன்னார்: "இதை நேத்து வந்தவங்க யாரும் வெட்டியிருக்க முடியாது. போட்டோ எடுத்து, எழுதிக்குங்க."

அடுத்த சவாரி

பட்டா வெள்ளையம்மாவின் பெயரிலேயே வந்தது. வாங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தோட்டக்கலை ஆபீசுக்கு விடச் சொன்னாள். பட்டா இல்லை என்று அவளுக்கு மிளகு நாற்று தராமல் திருப்பி அனுப்பிய இடம் அது. திரும்பி வரும்போது ஜீப்பின் பின்னால் முழுக்க நாற்றுக் கட்டு. வண்டியெல்லாம் ஈர மண். அந்த வருஷ விதைப்புக்கு அந்த ஃபாரஸ்ட் கார்டு அந்தப் பக்கம் வந்தார், பார்த்தார், வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

நாற்றை இறக்கும்போது அந்த ஊர்ப் பெண்கள் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். சிரித்தார்கள், வெள்ளையம்மாவின் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. என் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இவளுக்கு ஆச்சு, நொம்ப சந்தோசமுங்க. எங்க நாலு ஊட்டுக்கும் எப்பங்கண்ணா வண்டி எடுக்கறீங்க?"

ஞாயிறுதோறும் சர்ச்சில் பாதர் மன்னித்து மறந்துவிடச் சொல்கிறார். கிளார்க் சொன்னதை மறந்துவிடலாம்தான், ஆனால் நாலு வீட்டுப் பட்டா இன்னும் பாக்கி இருக்கிறதே.