வேகாத மாவின் கணக்கு

குக்கீ செய்யும் அந்தக் கூடத்தில் அவளுக்குத் தராசு என்றுதான் பெயர். கொட்டாவி விட்டால்கூட எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவாளாம். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஒருமுறை சாப்பிட்டுக் கிளம்பிய விருந்தாளியை வாசல் வரை வந்து, "வந்தப்ப இருந்ததுக்கு அறுநூறு கிராம் கூடியிருக்கீங்க, பார்த்துப் போங்க" என்று வழியனுப்பியவள் அவள். அந்த மனிதர் அதன்பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

கீழே கூடம், மேலே வீடு, நடுவில் பதினான்கு படி. வேலைக்குப் போக அந்தப் படிகளில் இறங்க வேண்டும். வீடு திரும்ப அவற்றிலேயே ஏற வேண்டும். கீழே முதலாளி அவள் மாமியார். மேலேயும் முதலாளி அவரேதான். விடுப்பு கேட்டால் மேலே தலையாட்டிவிட்டுக் கீழே வந்து மறுப்பார். இரண்டும் ஒரே வாய்.

உணவியல் படித்த பெண்ணாகத் தேடிப் பிடித்து மகனுக்குக் கட்டி வைத்ததே, பொட்டலத்தின் முதுகில் போடும் சத்துப் பட்டியலுக்கு வெளியாள் வேண்டாம் என்பதற்காகத்தான். கோதுமைப் பசைச்சத்தான க்ளூட்டன் இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. அரிசி மாவு, ஆளி விதை, தேங்காய் எண்ணெய், சர்க்கரை. மருமகள் ஒவ்வொன்றின் சத்தையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்து, கட்டம் கட்டித் தந்தாள். நூறு கிராமில் மாவுச்சத்து ஐம்பத்தைந்து, அதில் சர்க்கரை இருபது. போட்டிக் கம்பெனியின் குக்கீயில் சர்க்கரை இருபத்திரண்டு. மாமியார் பூரித்துப்போனார். "சர்க்கரை குறைவு" என்று மஞ்சள் பட்டை போட்டு முப்பதாயிரம் உறை அச்சடித்து, பொட்டலமும் கட்டி அடுக்கத் தொடங்கினார். பெரிய கடைக்காரர்கள் கூப்பிட்டுக் கண்ணில் படும் நல்ல அலமாரியாகக் கொடுத்தார்கள்.

தராசின் தங்கை பள்ளி ஆசிரியை. ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவள். கோதுமையும் அவள் வயிற்றுக்கு ஆகாது. தின்பதில் எத்தனை மாவுச்சத்து என்று பார்த்து, அதற்கேற்ற இன்சுலினை ஏற்றிக்கொள்வாள். அக்கா எழுதிய பட்டியல் வந்த நாள் முதல், பதினொரு மணி இடைவேளைக்குத் தினமும் இரண்டு குக்கீ. ஒரு குக்கீ நாற்பது கிராம், மாவுச்சத்து இருபத்திரண்டு. இரண்டுக்கு நாற்பத்துநாலு. ஊசியும் நாற்பத்துநாலுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அக்கா, மூணு வாரமா மதியம் சர்க்கரை இருநூறைத் தாண்டுது. அம்மா என் கைப்பையைத் துழாவுறாங்க. மிட்டாய் திங்கறேனாம்."

"திங்கறியா?"

"நீயுமா? உலகத்துல நான் சந்தேகப்படாம திங்கற ஒரே பொருள் உன் குக்கீதான்."

தராசு தன் பட்டியலை மனத்துக்குள் மறுபடி கூட்டிப் பார்த்தாள்; கூட்டல் சரியாகத்தான் வந்தது. தங்கை போனதும் கூடத்துக்கு இறங்கி, வெந்த குக்கீ ஒன்றை முந்தானைக்குள் மறைத்து மாவு மேசைக்கு எடுத்துவந்தாள். மறைக்கத்தான் வேண்டும். எடைக்கருவி மாவு மேசையை விட்டு நகரக் கூடாது, வெந்தது எதுவும் அந்த மேசைக்கு வரக் கூடாது என்பது மாமியாரின் சட்டம். சூடு பட்டால் கருவி கெட்டுப்போகும். க்ளூட்டன் இல்லாத குக்கீயோ தொட்டால் உதிரும், தூள் சிந்தும். அதனால் அந்தக் கூடத்தில் எல்லாரும் மாவையே எடை போட்டார்கள். அவளும்தான்.

மாவு உருண்டை நாற்பத்தெட்டு கிராம். வெந்த குக்கீ நாற்பது.

எட்டு கிராம் தண்ணீர் அடுப்பில் ஆவியாகியிருந்தது. சர்க்கரைக்குக் கால் ஏது, ஓடிப்போக? அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. அவள் வேகாத மாவின் எடையால் வகுத்ததை வெந்த குக்கீயின் முதுகில் எழுதியிருந்தாள். ஒரு குக்கீயில் உண்மையில் இருபத்தாறரை. இரண்டுக்கு ஐம்பத்துமூன்று. தங்கையின் ஊசி ஒன்பது கிராம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது.

"அத்தை, பட்டியல் தப்பு."

"எந்த வரி?"

"எல்லா வரியும். வேகாத மாவை வச்சுப் போட்டுட்டேன். சர்க்கரை இருபது இல்ல, இருபத்துநாலு."

மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாராவது புகார் சொன்னாங்களா?"

"என் தங்கச்சி…"

"அவ நம்ம வீட்டுப் பொண்ணு. அவ காதுல சொல்லிடு. முப்பதாயிரம் உறை காதுலயும் போய் ஊதணுமா? இது தீரட்டும், அடுத்த அச்சுல மாத்திக்கலாம்."

"தீர ஆறு மாசம் ஆகும் அத்தை."

"ஆகட்டும். ஆவியாப் போன தண்ணிக்கு இந்த வீட்டுல யாரும் துக்கம் விசாரிக்க வேண்டாம்."

தங்கைக்குப் போன் செய்தாள். நாற்பத்துநாலை அடித்து ஐம்பத்துமூன்று என்று தங்கை எழுதிக்கொண்டாள். பிறகு, "எனக்குச் சொல்ல அக்கா இருக்கா. கடையில வாங்குறவங்களுக்கு?" என்றாள்.

இரண்டு நாள் தராசு சாப்பிடவில்லை. கீழே இறங்கினால் மஞ்சள் பட்டை, மேலே ஏறினால் மாமியாரின் முதுகு. அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால் அங்கே ஒற்றை அறையில் அம்மாவும் தங்கையும். கணவனோ பொட்டலங்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறவன். "நீ ஒரு கையெழுத்து போடு, நான் வண்டியை எடுக்கறேன், அம்மா சிரிப்பாங்க. எல்லாருக்கும் தொண்டையில சோறு இறங்கும்" என்று கையைப் பிசைந்தான்.

அந்தக் கையெழுத்துதான் அவள் கையில் இருந்த ஒரே சாவி. ஒவ்வொரு லோடுக்கும் 'சரிபார்த்தேன்' என்று படித்தவள் கையெழுத்திட்டால்தான் கடையின் கிடங்கில் இறக்குவார்கள். புதன்கிழமை காலை வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. சீட்டை நீட்டினார்கள். அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"கொண்டா, நானே போடறேன்" என்று மாமியார் பாய்ந்தார்.

அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தலையைச் சொறிந்தார். "உங்க கையெழுத்துக்குக் கிடங்கு கதவு திறக்காதும்மா. போன தடவையே திருப்பி அனுப்பினான்."

"உன்னை யாருய்யா கேட்டா?"

வண்டி ஒரு மணி நேரம் உறுமியது, பிறகு ஓய்ந்தது. மாமியார் மருமகளை மேலும் கீழும் பார்த்தார். கத்துவார் என்று எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். கத்தவில்லை.

"சரி. புதுப் பட்டியலை ஸ்டிக்கரா அடிச்சுத் தர்றேன். நீ செஞ்ச தப்பு, நீயே ஒட்டு. உதவிக்கு ஒருத்தர் போகக் கூடாது. மஞ்சள் பட்டையையும் மூடி ஒட்டு. மானம் போறதுன்னா அரைகுறையா எதுக்குப் போகணும்?"

சரக்கறைக்கு ஜன்னல் கிடையாது. விற்றது போக இருபத்தேழாயிரம் பொட்டலம் கூரை வரை நின்றது. அவள் தரையில் உட்கார்ந்து ஒட்டத் தொடங்கினாள். கணவன் தேநீரை வாசற்படியில் வைத்துவிட்டுத் திருடன் போல் நழுவினான். மாமியார் இரண்டு முறை வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்து, "கோணல்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்காரர்கள் நல்ல அலமாரியைப் பிடுங்கிக்கொண்டு, குக்கீயைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டதாகச் சேதி வந்தது. அதையும் கதவருகே நின்று உரக்கப் படித்துக் காட்டினார்.

மறுநாள் மதியம் போன் அடித்தது. பசையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. குனிந்து மூக்கால் தட்டினாள்.

"நூத்தம்பத்தெட்டு அக்கா!" என்றாள் தங்கை.

"ரெண்டு தின்னியா?"

"ரெண்டு. ஐம்பத்துமூணுக்கு ஊசி. நீ எங்க இருக்க? கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு."

"சரக்கறையில. வை, அப்புறம் பேசறேன். இன்னும் இருபத்தாறாயிரத்து நானூறு இருக்கு."