பெரட்டில் முதலில் நின்றவர்

1941 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் எங்கள் தோட்டத்தில் நான்கு நாட்கள் எந்த ஆட்சியும் இல்லை. மலாயாவில், பீடோங்குக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம். நான் அங்கே பள்ளி வாத்தியார். தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்காரத் துரை காரில் தெற்கே ஓடியது ஒரு காலையில். ஜப்பானியர் சைக்கிளில் வந்து இறங்கியது ஐந்தாம் நாள் மாலையில். இடைப்பட்ட நாட்களை நாள்காட்டியில் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன்.

முதல் நாள் துரை பங்களாவின் திரைச்சீலைகள் போயின. இரண்டாம் நாள் அரிசிக் கிடங்கை உடைத்தார்கள். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. பசித்தவன் தின்றுவிட்டுப் போகட்டும். மூன்றாம் நாள் காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணின் தலைமாட்டிலிருந்து கொய்னா மருந்துப் புட்டியைத் தூக்கினார்கள். எடுத்தது வெளியாள் அல்ல, அதே லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவன். அன்று என் அண்ணனிடம் சொன்னேன்: “எவனாவது வந்து நாலு பேரக் கட்டி வச்சு அடிச்சாத்தான் இதுங்க அடங்கும்.”

“ஏன், ஒம் பிரம்பு பத்தலியா வாத்தியாரே?” என்று சிரித்தார். அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அந்தக் கொள்ளையில் எதையும் தொடவில்லை.

ஜப்பானிய அதிகாரி மொழிபெயர்ப்பாளனை வைத்து மலாய் மொழியில் உத்தரவு போட்டான். எடுத்த சாமான் எல்லாம் விடியும்போது ஆபீஸ் முன்னால் வந்துவிட வேண்டும். பிறகு வீட்டில் கண்டால் தலை போகும்.

பக்கத்து வீட்டுக்காரன் ஓர் அரிசி மூட்டையோடு விழித்துக்கொண்டு நின்றான். “அண்ணே, இடுப்பு புடிச்சிக்கிச்சு. கொஞ்சம் தூக்கியாந்திருங்க, நான் பின்னாலயே வாறேன்.”

“கிடங்குலேருந்து தூக்கியாறப்ப புடிக்கலியா?” என்றார் அண்ணி. அண்ணன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் சாமானை ஒரு மூலையில் போட்டுவிட்டு மறைந்திருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு ஆபீஸ் முன்னாலிருந்த திடல் பெரட்டுத் திடல். தினமும் விடியலில் வேலைக்கு முன் கங்காணியிடம் பேர் கொடுக்கிற இடம். யாரும் சொல்லாமலே, களவாடிய பொருளோடு வரிசை கட்டி நின்றார்கள். அதிகப் பால் கொண்டுவருகிறவன் முதலில் நிற்பது எங்கள் தோட்டத்து வழக்கம். ஆண்டுக்கணக்காக அந்த இடம் அண்ணனுடையது. மூட்டையோடு அங்கேயே நின்றார்.

அதிகாரி ஒன்றும் விசாரிக்கவில்லை. வரிசையின் தலைப்பில் நிற்பவன் திருடர்களின் தலைவன் என்று எண்ணி, அண்ணனை நோக்கி விரலை நீட்டினான். அவர் ஏன் அங்கே நின்றார் என்பது கங்காணிக்குத் தெரியும். கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் மலாயில் கத்தினேன்: மூட்டை அவருடையதல்ல, அதோ அவனுடையது. மொழிபெயர்ப்பாளன் வரிசையின் கடைசிக்குப் போய்க் கேட்டான். “எனக்கு ஒண்ணும் தெரியாது துவான்” என்றான் பக்கத்து வீட்டுக்காரன். நிமிர்ந்துதான் நின்றான், இடுப்பு நன்றாகவே இருந்தது.

ஆபீஸ் கம்பத்தில் இரண்டு பகல் அண்ணனைக் கட்டி வைத்தார்கள். வெயில். தண்ணீர் கொடுக்கப் போன அண்ணியைத் துப்பாக்கிக் கட்டையால் தள்ளினார்கள். இருநூறு பேர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து பால் வெட்டப் போனார்கள். நானும் கடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். அவிழ்த்துவிட்ட மறுநாள் அவர் இறந்தார்.

அதன்பின் தோட்டத்தில் ஒரு வாழைத்தார்கூடக் காணாமல் போகவில்லை. கொய்னா மட்டும் திரும்பி வரவே இல்லை.

ஆட்சியில்லா நாடா, கொடிய சட்டமா, எது மேல் என்று அறிஞர்கள் எழுதிய புத்தகங்கள் என் அலமாரியில் உண்டு. இரண்டு வகை நாடுகளிலும் வெவ்வேறு மனிதர்கள் வாழ்வதுபோல எழுதியிருக்கிறார்கள். நான் கண்டவரை ஒரே ஆட்கள்தான். கிடங்கை உடைத்தவர்களில் ஒருவன்தான் ஒரு மாதம் கழித்து, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான்.

“என்ன சொல்லுங்க வாத்தியாரே, இப்ப கதவத் தொறந்து போட்டுத் தூங்கலாம். சட்டம்னா இப்படி இருக்கணும் லா.”

அண்ணி உள்ளேயிருந்து வந்தார். “தொறந்து போட்டுத்தான் வச்சிருக்கேன். திரும்பி வர்றதுக்குத்தான் ஆளில்ல” என்று சொல்லி, அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.