லோயிஸ் கேட்காமல் எடுத்த படம்

லோயிஸ் ஜெபதாஸுக்கு அடங்கிப் போகத் தெரியாது என்பது சித்தூர்த் திருச்சபை முழுவதுக்கும் தெரியும். மாதக் கூட்டத்தில் ஆண்களுக்கு நாற்காலி, பெண்களுக்குப் பாய் என்றிருந்த காலத்தில், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தவள். "இவளை எவன் கட்டுவான்?" என்றார்கள். "கட்டாட்டிப் போறான்" என்று வேலூருக்குப் போய் இரண்டு வருஷம் எக்ஸ்ரே படிப்புப் படித்துவிட்டு வந்து, ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். எக்ஸ்ரே அம்மா என்றால் சுற்றுப்பட்டில் எல்லோருக்கும் தெரியும்.

1976-ல் ஒரு செவ்வாய்க்கிழமை, நகரியிலிருந்து நெசவாளி வேதாச்சலம் தன் மனைவி பச்சையம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் இளைத்துத் துரும்பாகியிருந்தாள். டாக்டர் கோவர்த்தனன் கேட்டதற்கெல்லாம் வேதாச்சலமே பதில் சொன்னான். அங்கே வழக்கம் அப்படித்தான். நோவு அவளுக்கு, வாய் இவனுக்கு.

"சோறு எறங்குதா?"

"நல்லாத்தான் துன்னுக்கினு இருந்தா சார். இந்த ரெண்டு மாசமாத்தான் இப்படி எளைச்சுப் போனா."

லோயிஸ் எடுத்துக் கொடுத்த படத்தில், நடு மார்பில், இருதயத்தை ஒட்டி அகலமாக ஒரு நிழல் நின்றது. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் அரை நிமிஷம் பார்த்தார். இரண்டே மாதத்தில் இவ்வளவு இளைப்பு, இவ்வளவு பெரிய நிழல். 'நடு நெஞ்சில் புற்று. ஆபரேஷனுக்கு எட்டாது. வீட்டுக்கு அனுப்பவும்' என்று சீட்டில் எழுதிவிட்டார்.

லோயிஸ் விடவில்லை. "சார், நிழலுக்குள்ள மேல ஒரு நேர்க்கோடு இருக்குது. கொடத்துல தண்ணி நிக்கற மாதிரி. கட்டியில எப்படி சார் தண்ணி நிக்கும்? பக்கவாட்டுல ஒண்ணு எடுக்கட்டுமா?"

"படம் எடுக்கிறது உன் வேலை, படிக்கிறது என் வேலை. ஃபிலிம் பஞ்சம் தெரியுமில்ல? ஆளுக்கு ஒண்ணுதான்."

லோயிஸுக்குச் சுருக்கென்றது. அரை நிமிஷம் பார்த்துவிட்டு ஒருத்தியைச் சாக அனுப்புவதா? நேரே வெளியே வந்து பச்சையம்மாளின் கையைப் பிடித்து எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னாலேயே வந்த வேதாச்சலத்திடம், "உள்ள ஆம்பளைங்க வரக்கூடாது" என்றாள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. அந்த நிமிஷம் அவளே போட்டது.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்: "அக்கா, எப்படி சாப்பிடறேன்னு நீயே சொல்லு."

பச்சையம்மாள் கதவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எல்லாரும் துன்னு எழுந்தப்புறம்தான் நான் துன்னுவேன் சிஸ்டர். குந்திக்கினு துன்னா எறங்காது. நின்னுக்கினு, வாய்க்கு வாய் தண்ணி ஊத்தி, நெஞ்சத் தட்டித் தட்டி எறக்குவேன். படுத்தா துன்னது அப்படியே வாய்க்கு வந்துடும். மூத்தவ பொறந்ததுலேந்து இதே கதைதான். அவளுக்குப் பதினோரு வயசாவுது."

"அடப் பாவிகளா" என்று லோயிஸ் வாய்விட்டே சொன்னாள். எந்தப் புற்று பதினோரு வருஷம் பொறுமையாகக் காத்திருக்கும்?

கேட்காமல் எடுத்தால் வேலைக்கே உலை. போகட்டும், தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? படத்தில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் மாவைக் கரைத்தாள். மத்தியானத்துக்கென்று கொண்டுவந்திருந்த கேழ்வரகுக் களியில் ஒரு உருண்டையைப் பிய்த்து அதில் பிசைந்தாள்.

"வீட்ல துன்ற மாதிரியே நின்னுக்கினு துன்னுக்கா" என்றாள். பச்சையம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். லோயிஸ் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்தாள்.

கழுவின படம் சொட்டச் சொட்ட, நோயாளிகள் சூழ உட்கார்ந்திருந்த டாக்டர் முன்னால் போய் நின்றாள். பச்சையம்மாளும் புருஷனும் பின்னால் வந்தார்கள்.

"உன்ன யார் எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நானாத்தான் எடுத்தேன். மெமோ குடுங்க, வாங்கிக்கறேன். மொதல்ல இதப் பாருங்க."

விழுங்கினது உணவுக்குழாயை விட்டு இறங்கவே இல்லை. குழாய் முழுக்க வீங்கி, அடியில் மட்டும் சுருக்குப்பையின் வாய் போல வழவழவென்று இறுகியிருந்தது. டாக்டர் பார்த்த நிழல் அந்தக் குழாய்தான்; லோயிஸ் பார்த்த கோடு அதற்குள் தேங்கி நின்ற தண்ணீர். கட்டி என்று ஒன்றுமே இல்லை.

இந்தத் தடவை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு பழக்க தோஷத்தில் வேதாச்சலத்தின் பக்கம் திரும்பி, "எத்தன நாளா இப்படி?" என்றார்.

"அவரக் கேக்காதீங்க சார்" என்றாள் லோயிஸ். "துன்றது இவங்க."

"பதினோரு வருஷமா" என்றாள் பச்சையம்மாள்.

டாக்டர் பழைய சீட்டில் எழுதியதை அடித்தார். 'உணவுக்குழாயின் அடிவாய் திறப்பதில்லை. புற்று அல்ல. வேலூரில் ஆபரேஷன் செய்தால் குணமாகும்' என்று எழுதி, அவர்களுக்கும் படித்துக் காட்டினார். கையோடு லோயிஸுக்கு மெமோவும் எழுதினார். அவள் அங்கேயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

வேதாச்சலத்துக்கு முகம் செத்துவிட்டது. "பதினோரு வருஷமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே புள்ள."

பச்சையம்மாள் உதட்டில் ஒட்டியிருந்த வெள்ளை மாவை முந்தானையால் துடைத்தாள். "ஒரே ஒரு நாளு, நான் துன்றப்ப பக்கத்துல குந்திக்கினு இருந்தியா நீ?" என்று அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகவே கேட்டாள்.