புள்ளி விழாத இலை

லூசியானாவின் புழுக்கத்தில் ரோஜா இலையில் கரும்புள்ளி விழாத வாரமே கிடையாது. ஆனாலும் வெர்லீனுக்குப் விற்பனைப் பட்டியலில் படம் பார்த்து வாங்கிய பெரிய பூச்செடிகள்தான் வேண்டும். கணவன் ஓடெல், முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் வாராவாரம் மருந்தடித்தான்.

"கல்லறைத் தோட்டத்து ரோஜாவுல ஒரு கிளையை ஒடிச்சு நட்டுப் பாரேன். கவனிக்க ஆளில்லாம, மருந்தும் இல்லாம இந்த வெக்கையில நிக்கிறது அதுதான்," என்றாள் பக்கத்து வீட்டு நியோமா. ஊரில் பாதி ரோஜாக்கள் அப்படி வந்தவைதான்.

"செத்தவங்க செடி எனக்கெதுக்குடி? மருந்தடிக்கத்தான் இவர் இருக்காரே."

சில வருடங்களில் நுரையீரல் கெட்டு, மூச்சுக்குத் திணறித் திணறியே ஓடெல் போய்ச் சேர்ந்தான். டாக்டர் அந்த மருந்தைத்தான் குறை சொன்னார்.

அவனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில், யாரோ எப்போதோ நட்ட ரோஜா புதராகப் பூத்துக் கிடந்தது. வெர்லீன் மண்டியிட்டு ஒவ்வோர் இலையாகப் புரட்டினாள். ஒரு புள்ளியாவது இருக்கக் கூடாதா என்று இருட்டும்வரை தேடினாள்.