கடைசி எழுத்து மட்டும்

சின்னவளின் அப்பா கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். இரட்டைப் பெண்கள் பிறந்தபோது பெயர் கேட்டு அவர் யாரிடமும் போகவில்லை. இருவருக்கும் ஒரே பெயர். கடைசி எழுத்துக்குக் கால் போட்டால் பெரியவள், கொக்கி போட்டால் சின்னவள். "அட்டையில ஒரு தடவை வெட்டினாப் போதும், கடைசி எழுத்தை மட்டும் மாத்திக்கலாம்" என்று பெயின்ட் கடைக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூன்றாவதாக ஒரு பையன் பிறந்திருந்தால் அதே எழுத்துக்கு ஒரு புள்ளி வைத்திருப்பார். நல்லவேளை, பிறக்கவில்லை.

முகமும் அச்சு அசல் ஒன்றுதான். வாசலிலிருந்து கூப்பிட்டால் கடைசி எழுத்து காற்றோடு போய்விடும். இரண்டு பேரும் ஓடி வருவார்கள், அல்லது இரண்டு பேருமே வர மாட்டார்கள். அம்மா சலித்துப்போய் பெரியவ, சின்னவ என்று கூப்பிட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் அதுவும் இல்லை. பெரியவள் செய்த குறும்புக்குச் சின்னவள் அடி வாங்குவாள். சின்னவள் எடுத்த மதிப்பெண்ணுக்குப் பெரியவள் கைதட்டல் வாங்குவாள். ஆனாலும் சின்னவளுக்குத் தன் பெயர் பிடிக்கும். நோட்டு அட்டையில் எழுதும்போது அந்தக் கொக்கியை மட்டும் நீளமாக, வால் போல வளைத்து இழுப்பாள்.

பள்ளி இறுதித் தேர்வில் பெரியவள் கணக்கில் தோற்றுவிட்டாள். சின்னவள் நல்ல மதிப்பெண்ணோடு தேறி, நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டாள். இடமும் கிடைத்தது. அதே வாரத்தில் பெரியவளுக்கு ஒரு வரன் வந்தது. பஸ் டிப்போவில் மெக்கானிக். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வேலைக்குப் போகிற மருமகள்தான் வேண்டும். "என் மூத்த பொண்ணுக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைச்சிருக்கு" என்று அப்பா அவர்களிடம் சொல்லிவிட்டார். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் வீட்டில் இருந்தவர்களிடம் சொன்னார்.

"அது எனக்கு வந்ததுப்பா" என்றாள் சின்னவள்.

"தெரியும்டா. மூளை உன்கிட்ட இருக்கு. அதை யாரு எடுத்துக்கப் போறா? அடுத்த வருஷம் அவ பேர்ல நீ கணக்கை எழுதிப் பாஸ் பண்ணு. அப்புறம் நீயும் இதே இடத்துக்குப் போ. ஒரு வருஷம் முன்னப் பின்ன, அவ்வளவுதான்."

"அப்ப என் பேரு?"

"உன் பேருக்கும் அவ பேருக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒரு கொக்கி. அதைப் போட்டவனே நான்தானே?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "மூத்தவ நிக்கிறப்போ இளையவ எப்படி முன்னாடி போறது?" என்றாள். அது கேள்வி மாதிரி இருந்தது. ஆனால் அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பெரியவள் அன்று மாலை முழுக்க அழுதாள். "எனக்கு வேணாம்ப்பா, பயமா இருக்கு" என்று சுவரோடு ஒண்டிக்கொண்டாள். சின்னவள்தான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். மறுநாள் காலையில் பெரியவள் வெள்ளைச் சீருடைக்கு அளவு கொடுக்கத் தையல்காரரிடம் போனாள். பயிற்சிப் பள்ளியில் போட்டோவைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், சரி என்று சேர்த்துக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் பெரியவளுக்குப் பாடம் ஏறவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சின்னவள் உரக்கப் படிப்பாள். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். எலும்புகளின் பெயர்களைச் சின்னவள் தன் கையையும் காலையும் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். தன் சோற்றை இன்னொருத்திக்கு ஊட்டுகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் தோன்றியது. அந்த நினைப்புக்கு அவளே வெட்கப்பட்டாள்.

சொன்னபடி அடுத்த வருஷம் பெரியவள் பெயரில் சின்னவள் கணக்கை எழுதித் தேறினாள். பயிற்சிக்கு மனுப் போட வேண்டிய சமயத்தில், மாடிக் கடை ஒன்றுக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்த அப்பா ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பு முறிந்தது. அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை.

"எனக்கு லீவு தர மாட்டாங்கடி. நீ வீட்ல சும்மாதானே இருக்க?" என்றாள் பெரியவள்.

சும்மா இருந்த சின்னவள் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தாள், துடைத்துவிட்டாள், மலச்சட்டி எடுத்தாள். இதற்குள் பெரியவளுக்குக் கல்யாணம் ஆகி, ஒரு பையனும் பிறந்தான். டியூட்டி நாட்களில் குழந்தையும் சின்னவளிடம்தான் வளர்ந்தது. அப்பா கடைசி நாட்களில் சின்னவளைக் கால் போட்ட பெயரால் கூப்பிட்டார். ஆள் தெரியாமல் கூப்பிடுகிறாரா, தான் போட்ட ஏற்பாட்டை மறக்காமல் கூப்பிடுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பிடிக்கவில்லை. அவருக்குப் பின்னால் அம்மா படுத்தாள். இரண்டு பேரையும் கரையேற்றி நிமிர்ந்தபோது பயிற்சிக்கான வயசு தாண்டியிருந்தது. பெண் கேட்டு வந்த ஒரு குடும்பமும், "அக்கா நர்ஸு, தங்கச்சி இவ்வளவுதானா?" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்துபோனது.

ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், லாண்டரியில் வேலை கிடைத்தது. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் துவைக்கிற இயந்திரங்கள், மறுபக்கம் சூடான உருளை. ஈரப் போர்வையின் இரு முனைகளை இரண்டு பெண்கள் பிடித்து உருளைக்குள் விட்டால், அது அந்தப் பக்கம் காய்ந்து, சுருக்கம் போய் வெளியே வரும். அங்கே அவளுக்குக் கொடுத்த கார்டில் பெரியவளின் பெயர். சூப்பர்வைசர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது தனக்குத்தான் என்று உறைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. காது மந்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 'செவிட்டு அக்கா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மூன்றாவது பெயர். இதையாவது யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று அவள் மறுக்கவில்லை.

ஒரு நாள் போர்வை சுருட்டிக்கொண்டது. இழுத்து நேராக்கப் போனவளின் முன்கை உருளையில் ஒட்டி, தோல் வழன்றுவிட்டது. கூட வேலை செய்யும் பெண், ஈரத் துண்டைச் சுற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அது பெரியவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி. டாக்டர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து கையை மட்டும் பார்த்துவிட்டு, திரைக்குப் பின்னால் இருந்த நர்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இதோ" என்று சின்னவள் எழுந்துவிட்டாள்.

"உங்களை இல்லம்மா. நீங்க உக்காருங்க, சிஸ்டரைக் கூப்பிட்டேன்."

கூட வந்தவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்குது?"

பெரியவள் முகத்தில் மாஸ்க்கோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையில் கொக்கி போட்ட எழுத்து பளபளத்தது. டாக்டர் நகர்ந்ததும், மருந்து தடவிக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"எதுக்குடி எழுந்திரிச்ச?"

"என் பேரைக் கூப்பிட்டாரு."

"மெதுவாப் பேசு. பேரு உன்னுதுதான், இல்லன்னு யாரு சொன்னா? வாந்தியும் ரத்தமும் உன் பேரா துடைக்குது? நான் துடைக்கிறேன். ராத்திரி பூரா உன் பேரா நிக்குது? என் காலு நிக்குது."

அது உண்மை. அதனால்தான் வெந்த கையைவிட அது அதிகம் எரிந்தது. பெரியவள் நல்ல நர்ஸாகிவிட்டிருந்தாள். கட்டுப் போட்டபோது கொஞ்சம்கூட வலிக்கவில்லை.

பல வருஷம் கழித்து, நல்ல சேவைக்காகப் பெரியவளுக்கு ஆஸ்பத்திரியில் பாராட்டு விழா வைத்தார்கள். முதல் நாள் அவளே லாண்டரி வாசலுக்கு வந்தாள்.

"நீ வராதடி. ஒரே மூஞ்சி. பேரும் கிட்டத்தட்ட ஒண்ணு. எவனாவது தமாஷாக் கேக்க ஆரம்பிச்சான்னா எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது."

சின்னவள் போனாள். உள்ளே போகவில்லை, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் தூணோரமாக நின்றாள். ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னார்கள். பொறுமை, கருணை, அர்ப்பணிப்பு என்று என்னென்னவோ சொன்னார்கள். கைதட்டல் கேட்டது. தானும் தட்டலாமா என்று நினைத்தாள். தனக்குத்தானே கை தட்டிக்கொள்ளும் பைத்தியம் என்று காவல்காரர் நினைத்துவிடுவாரோ எனத் திரும்பிவிட்டாள்.

ஓய்வு பெறுவதற்கு முன்பே பெரியவளுக்குப் புற்றுநோய் வந்தது. மெக்கானிக் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். பையன் வளர்ந்து நல்ல கம்பெனியில் வேலையில் இருந்தான். பகலில் அவனால் வர முடியாது. அப்பாவையும் அம்மாவையும் பார்த்த அதே கை இப்போது பெரியவளையும் புரட்டிப் படுக்க வைத்தது. ஒரு வார்த்தைக்காகச் சின்னவள் காத்திருந்தாள். மன்னிப்பு என்றுகூட இல்லை. 'உன்னுதை எடுத்துக்கிட்டேன்' என்று சொன்னால் போதும். ஒரு மத்தியானம் பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பையனுக்குத் தெரிய வேணாம்டி. அவன் என்னைப் பெரிய ஆளா நினைச்சிட்டிருக்கான். அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"வேற ஒண்ணும் சொல்லணுமா?"

பெரியவள் யோசித்தாள். "தண்ணி குடு" என்றாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் பையன் ஒரு தாளோடு சின்னவள் வீட்டுக்கு வந்தான். "சித்தி, கல்லுல பேர் வெட்டணும். கடைசி எழுத்து சரியா இருக்கான்னு பாருங்க. உங்க ரெண்டு பேர் பேரும் எனக்கு எப்பவும் குழம்பும்."

சரியாகத்தான் எழுதியிருந்தான். அவள் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இது என் பேருப்பா."

அவன் முதலில் சிரித்தான். அவள் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தன் அப்பாவைப் பற்றி, வரன் வந்த வாரத்தைப் பற்றி, கணக்குப் பரீட்சையைப் பற்றி. சொல்லச் சொல்ல அவன் முகம் இறுகியது.

"அம்மா செத்து இன்னும் ஈரம்கூடக் காயல, சித்தி."

"நான் பொய் சொல்லலப்பா."

"பொய்யோ நிஜமோ. இத்தனை வருஷம் வாயை மூடிட்டிருந்துட்டு, அவங்க பதில் சொல்ல முடியாத நேரமாப் பாத்துச் சொல்றீங்க. உங்களுக்கு அம்மா மேல பொறாமைன்னு அப்பா சொல்வாரு. நான் நம்பல."

"உயிரோட இருக்கிறவ பேரைக் கல்லுல வெட்டாதன்னு மட்டும்தான் சொல்றேன்."

"சரி, வேற எதை வெட்டட்டும்? கால் போட்ட பேரையா? அது உங்க கார்டுல இருக்கிற பேரு. அதுவும் உயிரோட இருக்கிறவ பேருதானே?"

இத்தனை வருஷத்தில் இதை அவள் யோசித்ததே இல்லை. அவன் அவள் கையிலிருந்த தாளை மெதுவாக உருவி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். கல்லில் கொக்கி போட்ட பெயரையே வெட்டினான். கல்லைப் பார்க்க வாருங்கள் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை, அவளாகவும் போகவில்லை.

தோளில் போட்டு அவள் வளர்த்த பையன் அதன் பிறகு வீட்டுப் பக்கம் வரவே இல்லை. முழங்கால் விட்டுப்போகும்வரை அவள் லாண்டரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலையை விட்ட பிறகு, ஒரு மழை நாளில் மார்க்கெட் தெருவில் அவன் குடையோடு எதிரே வந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றான். தன் அம்மாவின் முகம் நரைத்த தலையோடு நடந்து வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். "தம்பி" என்று அவள் வாயெடுப்பதற்குள் அவன் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டான்.

மழை எப்போதோ விட்டிருந்தது.