கால் பார்த்து நின்றவர்

திருவேற்காட்டு அம்மன் கோயிலில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். நல்ல உயரம், நரைத்த மீசை. தடுப்புக் கம்பியில் தம் கை இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு காலைப் பார்ப்பார். கற்பூரம் காட்டியபோதும் அவர் தலை நிமிரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாப்பா, ஆத்தா அங்க கீறா. தரையில இன்னாத்த தேடுற?"

"காலைத்தாம்மா. கையும் காலும் எங்க கீது, எதத் தொடுதுன்னு மூளைக்குச் சேதி போற நரம்பு கெட்டுப்போச்சாம். கண்ணால பார்த்தாத்தான் தெரியும். கண்ண எடுத்தா கீழ உயுந்துடுவேன். ஆத்தா மொகத்தப் பார்த்து ரெண்டு வருஷம் ஆவுது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் இந்த வயதிலும் என் கையில் வலு உண்டு. அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

"நான் புடிச்சிக்கிறேன். நிமிந்து பாரு."

மெல்ல நிமிர்ந்தார். உடம்பு ஆடியது. அம்மனைப் பார்த்தபடியே கேட்டார்: "புடிச்சிகினு கீறியாம்மா?"

"கீறேன்பா."

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே கேட்டார். என் நகம் அவர் தோலில் பதிந்திருந்தது.

இப்போதெல்லாம் கும்பிடக் கண்ணை மூடியதும் என் காலைத் தேடுகிறேன். இருக்கிறது என்று தெரிகிறது. ஆனாலும் கண்ணைத் திறந்து ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.