ஸ்டேஷனுக்குப் போன துப்பாக்கி

காந்திமதிநாதன் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு விட்டால் ஐந்தருவியில் குளிப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். அச்சன்புதூரில் அவர் வயலுக்கு வரும் காட்டுப்பன்றிகள் ஓடும், அவ்வளவே.

தேர்தல் வந்துவிட்டால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். நெல்லோ பால் பிடிக்கிற சமயம். போதாக்குறைக்கு இந்த முறை உரிமத்தையும் புதுப்பித்துத் தரவில்லை. துப்பாக்கியைக் கொடுத்தால் அதோடு போய்விடும் என்று பயந்தார். தென்காசியில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மற்ற விவசாயிகளோடு வெயிலில் உட்கார்ந்து, துப்பாக்கியை வாங்கக் கூடாது என்று கோஷம் போட்டதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மறுநாள் மனைவி முத்துவடிவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். துண்டு சுற்றிய துப்பாக்கி அவள் மடியில் இருந்தது. எப்போது திரும்பக் கிடைக்கும் என்று அங்கே கேட்டார்.

"எலக்‌ஷன் முடியட்டும் அண்ணாச்சி, பாப்போம்" என்றார் ஏட்டு.

"அதுவரைக்கும் பன்னி பொறுக்குமாய்யா? நடத்தை விதிய அதுகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. இனி வயக்காட்டுல நான் ஒத்தையிலல்லா காவல் நிக்கணும்."

முத்துவடிவு துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள்.

"ஒத்தையிலயா? தகர டின்னத் தட்டிக்கிட்டு நானும்லா கூட நிக்கப்போறேன்" என்றாள்.